புற்றுநோய் மருந்தைச் சுமக்கும் நானோ துகள்: மாட்டுங்கா முதல் தாராவி வரை

(உரையின் எழுத்து வடிவம்)



மும்பை மாநகரின் வரைபடத்தில் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் தாராவி, அதற்குத் தெற்கே மாட்டுங்கா, கிழக்கே செம்பூரும் அதற்கு அப்பால் டிராம்பேயும், இன்னும் தெற்கே பரேல். தாராவியில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற தமிழர்கள் பல தலைமுறைகளாகத் தோல் தொழிலிலும் பிற சிறு தொழில்களிலும் ஈடுபட்டு வாழ்ந்து வருகின்றனர். பதின்மூன்றாம் காம்பவுண்டு எனப்படும் பகுதியில், நகரம் கழித்துப் போட்ட பிளாஸ்டிக் பொருள்கள் தரம் பிரிக்கப்பட்டு, அரைக்கப்பட்டு, உருக்கப்பட்டு, மீண்டும் தொழிற்சாலைக்குச் செல்லும் குருணைகளாக மாறுகின்றன.

மாட்டுங்காவில் இருப்பது வேதியியல் தொழில்நுட்பக் கழகம். 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கிய இதற்கு, 1938-இல் முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்றவர் சென்னையில் பிறந்த கே. வெங்கட்டராமன். 2008-இல் இக்கழகம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. பரேலில் 1941-இல் திறக்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனை 1962 முதல் மத்திய அணுசக்தித் துறையின் பொறுப்பில் இயங்குகிறது. டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையமும் அத்துறையைச் சேர்ந்ததே. நாட்டின் வேதியியல் அறிவும், புற்றுநோய் மருத்துவ அறிவும், அணு அறிவியலும், உழைக்கும் மக்களின் நெருக்கமான குடியிருப்பும் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தூரத்திலேயே அமைந்துள்ளன.

தாராவியில் குருணையாகும் பிளாஸ்டிக், வேதியியலார் மொழியில் பாலிமர், அதாவது பலபடிச் சேர்மம். சிறு மூலக்கூறுகள் சங்கிலிபோல் கோக்கப்பட்ட பொருள். அதே இனத்தைச் சேர்ந்த வேறு சில பாலிமர்கள், கண்ணுக்குப் புலப்படாத நானோ துகள்களாக்கப்பட்டுப் புற்றுநோய் மருந்தைச் சுமக்கும் கலங்களாகப் பயன்படுகின்றன. இத்துகள் நோயாளியின் உடலுக்குள் மேற்கொள்ளும் பயணம் ஒன்று. ஆய்வுக்கூடத்திலிருந்து தாராவியின் சந்து வரை மேற்கொள்ள வேண்டிய பயணம் மற்றொன்று. முதற்பயணத்தை அறிவியல் திட்டமிடுகிறது. இரண்டாவதைத் திட்டமிட வேண்டியது நிர்வாகத்தின் கடமை.

மருந்தில் உள்ள சிக்கல்

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை கணித்தபடி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 14.1 இலட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டது; ஏறத்தாழ 9.2 இலட்சம் பேர் மாண்டனர். ஆண்களிடையே வாய்ப் புற்றுநோயும் பெண்களிடையே மார்பகப் புற்றுநோயும் முதலிடம் வகிக்கின்றன.

அறுவை, கதிர்வீச்சு, மருந்து என்னும் மூன்றும் சிகிச்சையின் முதன்மையான வழிகள். இவற்றுள் மருந்து இரத்தத்தின் வழியே உடல் முழுவதும் பரவுகிறது. விரைந்து பெருகும் செல்களை அழிப்பதே பழைய மருந்துகளின் இயல்பு. எலும்பு மச்சை, குடலின் உட்சுவர், மயிர்க்கால் ஆகியவற்றின் செல்களும் விரைந்து பெருகுபவை. ஆகவே அவையும் தாக்குண்கின்றன. முடி உதிர்தல், வாந்தி, வாய்ப்புண், வெள்ளணுக்கள் குறைந்து தொற்று நோய் பற்றுதல் ஆகியவை இதன் விளைவுகளே.

பாக்ளிடாக்சல் என்னும் மருந்து இதற்கொரு நல்ல எடுத்துக்காட்டு. மார்பகம், சூலகம், நுரையீரல் ஆகியவற்றின் புற்றுநோய்களுக்கு இது பெரிதும் பயன்படுகிறது. ஆனால் இது நீரில் கரைவதில்லை. ஆமணக்கு எண்ணெயிலிருந்து தயாரிக்கப்படும் கிரெமோஃபோர் என்னும் கரைப்பானிலும் ஆல்கஹாலிலும் கரைத்தே பல ஆண்டுகளாக ஊசி வழியே செலுத்தப்பட்டு வருகிறது. அக்கரைப்பானே சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்குகிறது. அதனைத் தடுக்க முன்கூட்டியே ஸ்டீராய்டு முதலிய மருந்துகள் கொடுக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை தரப்படும் வழக்கமான அளவினைச் செலுத்த ஏறத்தாழ மூன்று மணி நேரம் பிடிக்கும். நோயாளியைத் துன்புறுத்துவதில் மருந்துக்கு ஒரு பங்கும், அதனைச் சுமந்து செல்லும் திரவத்துக்கு ஒரு பங்கும் உண்டு என்பது இதனால் விளங்கும்.

துகள் செய்யும் பணி

நானோ மீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. மனிதனின் தலைமுடி ஏறத்தாழ 80,000 நானோ மீட்டர் பருமன் உடையது. மருந்தைச் சுமக்கும் துகள்கள் பெரும்பாலும் 20 முதல் 200 நானோ மீட்டர் வரை அளவுள்ளவை. இவ்வளவும் காரணமின்றி அமைந்ததன்று. மிகச் சிறிய துகளைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றிவிடும். மிகப் பெரிய துகளைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும். இடைப்பட்ட அளவே இரத்தத்தில் நெடுநேரம் சுற்றிவர ஏற்றது.

துகளுக்குரிய பாலிமர் தன் வேலை முடிந்ததும் உடலில் தங்காமல் சிதைய வேண்டும். லாக்டிக் அமிலமும் கிளைக்காலிக் அமிலமும் இணைந்த பாலிமர் இதற்குப் புகழ்பெற்றது. அறுவை மருத்துவத்தில் தானாகவே கரைந்துபோகும் தையல் நூல்களும் இவ்வகைப் பொருளால் ஆனவையே. மருந்தையும் பாலிமரையும் ஒரு கரைப்பானில் கரைத்து, நீரில் நுண்துளிகளாகச் சிதறடித்து, கரைப்பானை ஆவியாக்கினால் மருந்தைப் பொதிந்த திண்துகள் கிடைக்கும். துகளின் மேற்பரப்பில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் நீர் விரும்பும் சங்கிலிகளைப் பொருத்தினால், உடலின் பாதுகாப்புச் செல்கள் அதனை அயற்பொருளென எளிதில் இனங்காண மாட்டா. நீரை விரும்பும் பகுதியும் வெறுக்கும் பகுதியும் உடைய பாலிமர்கள் நீரில் தாமாகவே உருண்டு திரண்டு, நடுவில் மருந்தை வைத்துக்கொள்வதும் உண்டு. இவற்றுக்கு மிசெல் என்று பெயர்.

துகள் கட்டியைச் சென்றடைவது எவ்வாறு? வேகமாக வளரும் கட்டியின் இரத்த நாளங்கள் செம்மையாக அமையாது இடைவெளிகளுடன் இருக்கும். அங்கு நிணநீர் வடிகாலும் குறைவு. ஆகவே துகள்கள் கசிந்து உட்புகுந்து அங்கேயே தங்கக்கூடும். ஜப்பானிய அறிஞர்கள் மட்சுமுராவும் மயேடாவும் 1986-இல் இதனை எடுத்துரைத்தனர். பின்னர் வந்த ஆராய்ச்சிகளுக்கு இது அடிப்படையாயிற்று.

உலக அனுபவம் கற்பிப்பது

மருந்தைப் பாலிமருடன் பிணைக்கலாம் என்னும் கருத்தை 1975-இல் ஜெர்மானிய வேதியியலார் ரிங்ஸ்டார்ஃப் முறையாக வகுத்தளித்தார். 1993-இல் கல்லீரல் புற்றுநோய்க்கான பாலிமர் பிணைப்பு மருந்து ஒன்று ஜப்பானில் ஒப்புதல் பெற்றது. 1995-இல் டாக்சோரூபிசின் மருந்தைக் கொழுப்புக் குமிழிகளில் அடைத்த தயாரிப்பும், 2005-இல் ஆல்புமின் புரதத்துடன் இணைந்த பாக்ளிடாக்சலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. 2007-இல் தென் கொரியாவில் பாலிமர் மிசெல் வடிவப் பாக்ளிடாக்சல் வந்தது. அதே 2007-இல் இந்தியாவிலும் பாலிமர் நானோ துகள் வடிவில் பாக்ளிடாக்சல் சந்தைக்கு வந்தது என்பது நாம் பெருமையுடன் நினைவுகூரத் தக்கது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அமர்நாத் மைத்ரா மேற்கொண்ட பாலிமர் ஆராய்ச்சியின் அடிப்படையில், டாபர் நிறுவனம் அதனை ‘நானோக்சல்’ என்னும் பெயரில் வெளியிட்டது. பல்கலைக்கழக ஆய்வு மருந்தாக உருப்பெற முடியும் என்பதற்கு அது சான்றாயிற்று.

இத்துறையின் தோல்விகளையும் மறைத்தலாகாது. பத்தாண்டுக் கால ஆய்வேடுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஒரு மதிப்பீடு, ஆய்வு விலங்குகளுக்குச் செலுத்திய நானோ துகள்களில் கட்டியைச் சென்றடைந்தவை இடைநிலை அளவில் 0.7 விழுக்காடு மட்டுமே என்று காட்டிற்று. எலிகளின் கட்டியில் கண்ட கசிவு மனிதர்களின் கட்டிகளில் ஒரே சீராக இருப்பதில்லை. இலக்கறிந்து செல்லும் பாலிமர் துகளை உருவாக்கப் பெரும் முதலீட்டுடன் தொடங்கிய அமெரிக்க நிறுவனமான பைண்ட் தெரபியூட்டிக்ஸ், 2016-இல் திவாலாயிற்று.

ஆல்புமின் பாக்ளிடாக்சலின் வரலாறும் இரு பக்கம் கொண்டதே. 2005-இல் வெளியான மார்பகப் புற்றுநோய் ஆய்வில் 33 விழுக்காட்டினரிடம் கட்டி சுருங்கியது. பழைய வடிவத்தில் இது 19 விழுக்காடு. செலுத்தும் நேரம் மூன்று மணியிலிருந்து 30 நிமிடமாகக் குறைந்தது. கரைப்பானால் வரும் ஒவ்வாமையும் அதற்கான முன்மருந்தும் தேவையற்றுப் போயின. எனினும் அதிக அளவு மருந்து தரப்பட்டதால் கடுமையான நரம்புப் பாதிப்பு 2 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாக உயர்ந்தது.

ஆகவே, நானோ துகள் நோயை அடியோடு ஒழிக்கும் மந்திரக் கணை அன்று. தீங்கைக் குறைத்து, சிகிச்சையை எளிதாக்கும் கருவி என்றே அதனை மதிப்பிட வேண்டும். ஏழை நாட்டுக்கு இதுவும் சிறிய பயனன்று.

மாட்டுங்காவின் பங்கு

வேதியியல் தொழில்நுட்பக் கழகத்தின் மருந்தியல் துறையில் பேராசிரியர் பத்மா தேவராஜன் தலைமையில் நடைபெற்ற ஆய்வுகள் இங்கு குறிப்பிடத்தக்கவை. பாலிஎத்திலீன் செபக்கேட் என்னும் சிதையும் பாலிமரை அக்குழுவினர் நானோ துகளாக்கி, அதனுள் டாக்சோரூபிசின் மருந்தை ஏற்றினர். கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் சில சர்க்கரைகளைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உள்ளன. புல்லுலான், அராபினோகாலக்டன் என்னும் கூட்டுச் சர்க்கரைகளைத் துகளின் மேல் பொருத்தினால், துகள் கல்லீரலை நாடிச் செல்லும் என்பது இவ்வாய்வின் கருத்து. இவை ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிலும் சோதிக்கப்பட்டவை.

இப்பாலிமரின் மூலப்பொருளான செபாசிக் அமிலம் ஆமணக்கு எண்ணெயிலிருந்து பெறப்படுவது. உலகின் ஆமணக்கு உற்பத்தியில் மிகப் பெரும் பங்கு இந்தியாவினுடையது. அதிலும் குஜராத் முதன்மையானது. ஒவ்வாமை தரும் பழைய கரைப்பானும் ஆமணக்கில் பிறந்ததே. துகளாகி மருந்தைச் சுமக்கும் பாலிமரும் ஆமணக்கில் பிறந்ததே. உள்நாட்டு விளைபொருளை உயர்மதிப்புள்ள மருத்துவப் பொருளாக்கும் வாய்ப்பு இதில் அடங்கியுள்ளது. தொழில்திறனிலும் நாடு பின்தங்கவில்லை. அமெரிக்காவில் கொழுப்புக் குமிழி டாக்சோரூபிசினுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்ட 2012-இல், மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட சன் பார்மா நிறுவனத்தின் தயாரிப்பை இறக்குமதி செய்ய அந்நாடு அனுமதித்தது. 2013-இல் அந்நிறுவனத்தின் பொதுவகைத் தயாரிப்புக்கு ஒப்புதலும் வழங்கிற்று.

அரசின் முதலீடும் இதற்குத் துணைநின்றது. 2001-இல் தொடங்கிய நானோ அறிவியல் முன்முயற்சியைத் தொடர்ந்து, 2007-இல் ரூ. 1,000 கோடி ஒதுக்கீட்டில் தேசிய நானோ இயக்கம் தொடங்கப்பட்டது. நானோ மருந்துகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டு நெறிகளை உயிரித் தொழில்நுட்பத் துறை 2019 அக்டோபரில் வெளியிட்டது.

பொருளாதாரக் கணக்கு

தாராவியில் ஒரு பட்டறையில் நாட்கூலிக்கு உழைக்கும் பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டதாக எடுத்துக்கொள்வோம். அக்குடும்பத்தின் செலவுக் கணக்கில் மருந்தின் விலை ஒரு வரி மட்டுமே. மருத்துவமனைக்குச் செல்லும் நாளின் கூலி இழப்பு, உடன் செல்பவரின் கூலி இழப்பு, பயணச் செலவு, பக்க விளைவால் மீண்டும் சேர்க்கப்பட்டால் ஆகும் செலவு, எழுந்து நடமாட இயலாத நாள்களின் இழப்பு ஆகியவை அடுத்தடுத்த வரிகள். மருத்துவமனையின் கணக்கில் படுக்கையும் செவிலியர் நேரமும் சேரும். மூன்று மணி நேரம் ஒரு நோயாளிக்குத் தேவைப்பட்ட இருக்கை அரை மணியில் காலியாகுமானால், அதே கட்டடத்தில், அதே பணியாளரைக் கொண்டு மேலும் பலருக்குச் சிகிச்சை அளிக்கலாம்.

மருந்துக் குப்பியின் விலையை மட்டும் ஒப்பிட்டால் பழைய வடிவமே மலிவானது. மேற்கூறிய அனைத்தையும் கூட்டினால் முடிவு மாறக்கூடும், மாறாமலும் இருக்கலாம். அதனைக் கணக்கிட்டே அறிய வேண்டும். சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் 2017 முதல் இயங்கும் மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பு இத்தகைய கணக்கீட்டுக்கென்றே ஏற்பட்டது.

ஒப்பீடும் நேர்மையாக அமைதல் வேண்டும். முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு, வாய்வழியே உட்கொள்ளும் மலிவான பழைய மாத்திரைகளான மெத்தோட்ரெக்சேட்டையும் செலிகாக்சிபையும் குறைந்த அளவில் தொடர்ந்து தரும் முறையை டாட்டா நினைவு மருத்துவமனை 422 நோயாளிகளிடம் ஆராய்ந்தது. 2020-இல் வெளியான முடிவின்படி, ஊசிவழி சிஸ்பிளாட்டின் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 6.1 மாதம், மாத்திரை பெற்றவர்களுக்கு 7.5 மாதம். பக்க விளைவும் குறைவு. புதிய துகள் எதுவாயினும் இத்தகைய எளிய முறைகளோடு போட்டியிட்டுத் தன் தகுதியை நிலைநாட்ட வேண்டும்.

விலையைக் குறைக்கும் வழிகளும் கண்கூடாக உள்ளன. 2019-இல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக இலாபத்துக்கு 30 விழுக்காடு உச்சவரம்பு விதித்தது. டாட்டா நினைவு மையம் முன்னின்று 2012-இல் அமைத்த தேசியப் புற்றுநோய் மருத்துவமனைத் தொகுப்பு, 40 மருந்துகளுக்குக் கூட்டாக விலைபேசி ஏறத்தாழ ரூ. 1,320 கோடி மிச்சப்படுத்தியதாக 2023-இல் அறிவிக்கப்பட்டது. தனித்தனியே வாங்கும் மருத்துவமனை விலையை ஏற்கும் நிலையில் உள்ளது. கூட்டாக வாங்கும் மருத்துவமனைகளோ விலையைப் பேசும் வலிமை பெறுகின்றன. உறுதியான கொள்முதல் அளவு முன்கூட்டியே தெரிந்தால், நானோ மருந்து தயாரிப்போரும் துணிந்து முதலீடு செய்வர்.

வாயிற்படி வரை

நோய் முற்றிய பின் வந்து சேரும் நோயாளிக்கு எந்தத் துகளும் அளிக்கும் பயன் குறைவே. மும்பையின் 20 குடிசைப்பகுதித் தொகுதிகளில் 1998 முதல் டாட்டா நினைவு மையம் நடத்திய ஆய்வில் 1,51,538 பெண்கள் பங்கேற்றனர். பயிற்சி பெற்ற அடிப்படைச் சுகாதாரப் பணியாளர்கள் அசெட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனையைச் செய்ததன் பயனாக, கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணங்கள் 31 விழுக்காடு குறைந்தன. கையால் தடவிப் பார்க்கும் மார்பகச் சோதனையால் 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணங்கள் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தன. அதனினும் இளையோரிடம் அத்தகைய பயன் காணப்படவில்லை.

வீடு வீடாகச் செல்வது தாராவி அறியாத முறையன்று. 2020 ஏப்ரலில் அங்குக் கொரோனா பரவியபோது, மாநகராட்சிப் பணியாளரும் உள்ளூர் மருத்துவர்களும் சந்து சந்தாகச் சென்று காய்ச்சல் கண்டவரைத் தேடிக் கண்டறிந்தனர். அதே ஆண்டு ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியை முன்மாதிரிகளுள் ஒன்றாகக் குறிப்பிட்டார். நெருக்கமான குடியிருப்பில் தொற்றைத் தேட முடிந்த நிர்வாகத்துக்கு, வாய்ப்புண்ணையும் மார்பகக் கட்டியையும் தேடுவது இயலாத செயலன்று.

செய்யத்தக்கவை

இவற்றிலிருந்து நான்கு கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, பொதுப் பணத்தில் நடைபெறும் துகள் ஆராய்ச்சிகள் தொடக்கத்திலேயே பயன்பாட்டுச் சூழலைக் கருத்திற்கொள்ள வேண்டும். கொழுப்புக் குமிழி டாக்சோரூபிசினைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 பாகை வெப்பத்தில் காக்க வேண்டியுள்ளது. உறைய வைத்து உலர்த்திய தூளாக அறை வெப்பத்தில் கெடாதிருக்கும் துகளே மாவட்ட மருத்துவமனைக்கு ஏற்றது.

இரண்டாவதாக, ஆய்வுக்கூடத்தில் சில கிராம் தயாரிப்பதற்கும், ஒவ்வொரு தொகுதியிலும் துகளின் அளவு மாறாமல் பெருமளவில் தயாரிப்பதற்கும் உள்ள இடைவெளியை நிரப்பப் பொதுச் சோதனை வசதிகள் வேண்டும். பல ஆராய்ச்சிகள் ஆய்வேட்டோடு நின்றுபோவது இவ்விடைவெளியிலேயே.

மூன்றாவதாக, 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 இலட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு உதவுகிறது. அதில் எந்த மருந்து வடிவத்துக்குப் பணம் தருவது என்பதை, குப்பியின் விலையால் மட்டுமின்றி முழுச் செலவுக் கணக்கால் முடிவு செய்தல் வேண்டும்.

நான்காவதாக, மூன்று ஆண்டுகளில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய்ச் சிகிச்சை மையம் அமைக்கப்படும் என்றும், அவற்றுள் 200 மையங்கள் 2025-26-இலேயே அமையும் என்றும் அவ்வாண்டின் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. ஒவ்வாமை அச்சமின்றி, குறைந்த நேரத்தில் செலுத்தத்தக்க மருந்து வடிவங்களே இம்மையங்களுக்குப் பொருத்தமானவை. துகளின் உண்மையான பயனை இங்கேதான் எதிர்பார்க்கலாம்.

மாணவர்களுள் வேதியியல் பயில்வோர் துகளின் அளவை அளக்கக் கற்பது போலவே, அது யாரைச் சென்றடைந்தது என்பதை அளக்கவும் கற்றல் வேண்டும். நிர்வாகத்தில் இருப்போர், ஒதுக்கிய தொகையையும் வெளியான ஆய்வேடுகளின் எண்ணிக்கையையும் கொண்டு நிறைவு கொள்ளலாகாது. செலுத்திய துகளில் கட்டியை அடைந்தது எத்தனை விழுக்காடு என்று அறிவியலார் தம்மையே கடிந்து கேட்டுக்கொண்டனர். செலவிட்ட பணத்தில் நோயாளியை அடைந்தது எத்தனை விழுக்காடு என்று அதே கண்டிப்புடன் கேட்கும் நிர்வாகம் அமையுமானால், மாட்டுங்காவின் ஆய்வுக்கூடத்துக்கும் தாராவியின் சந்துக்கும் இடையே உள்ள தூரம் வரைபடத்தில் காண்பது போலவே வாழ்விலும் குறுகியதாகும்.